பாலாற்றில் விமானம் விழுந்ததா, இறங்கியதா?

தோழிகளே, இன்று தபாலாபீஸில் முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் வாய் திறந்து பேசிவிட்டேன்!

காலையில் பாலாற்று மணலில் இறங்கிய விமானத்தின் மெக்கானிக், வலது கையில் கட்டோடு வந்து, தன் அம்மாவுக்குக் கார்டு எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார்.

“இஞ்சின் நின்னு ஏரோப்ளேன் விழுந்துடுச்சுன்னு எழுதும்மா. கைக் காயத்தை எழுதாதே.”

எனக்குப் பேனா ஓடவில்லை. “விழுந்துடுச்சுன்னு படிச்சா பதறிப் போவாங்கண்ணா. நீங்க பாத்துதானே இறக்கினீங்க?”

“ஆமாம்மா! அவசரமா இறக்கினோம். அதையே போடு.”

போட்டேன். கார்டை வாங்கிப் பார்த்தவர் திடுக்கிட்டார்.

“ஐயோ, இது என் எழுத்து இல்லையே! எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அழுதுகினு இருப்பாங்களே!”

இடது கையால் தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதி, பெட்டியில் போட்டுவிட்டார்.

அந்த அம்மா ‘இறக்கினோம்’ என்பதை நம்புவார்களா, அந்தக் கோணல் பெயரையா? சீக்கிரம் பதில் போடுங்கள், எனக்குத் தறியில் கை ஓடவில்லை.