மறைத்தால் நீங்களும் எழுந்திருங்கள்

"ஏனுங்க, உங்க ஸ்டுடியோ மாணிக்கம் விடியக்காலம் போயிட்டாருங்க." குன்னூரிலிருந்து வந்த பஸ் கண்டக்டர் இத்தலார் தபால் ஆபீசுக்குள் வந்து இப்படிச் சொன்னார். கையிலிருந்த முத்திரையை எங்கே குத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. நம் திரைப்படச் சங்கத்து நண்பர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிடிவாதக்காரர், முன்கோபி, புரொஜெக்டரை வேறு யாரையும் தொட விடாதவர்.

சிலோனிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் போட்டோ எடுக்க அவருடைய ஸ்டுடியோவுக்குத்தான் வருவார்கள். கேமரா முன்னால் முகம் இறுகி உட்காரும் அந்தக் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மனசு தாங்கவில்லை. ஹங்கேரி இயக்குநர் ஒருவரின் படங்களை ஒரு வாரம் சங்கம் திரையிட்டபோது, அவர்களையும் கூட்டி வந்து முன்னால் பாய் விரித்து உட்கார வைத்தார். "பாஷை புரியாதே" என்றேன். "நமக்கு மட்டும் ஹங்கேரி பாஷை தெரியுங்களாக்கும்?" என்றார்.

முதல் நாள் படத்தில் பேச்சே குறைவு. வெட்டவெளியில் ஒரு குதிரைவண்டி, அதில் சவப்பெட்டி, பின்னால் நடந்து போகிற சில பேர். காட்சி நீண்டுகொண்டே போனது. பாயில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். நாற்காலியில் இருந்த எங்களுக்குத் திரை மறைந்துவிட்டது. உட்காரச் சொல்லி ஒரே சத்தம். கண்டித் தோட்டத்திலிருந்து வந்து இங்கே கொழுந்து பறிக்கும் முத்தம்மாள் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்: "சவம் போகுதுங்களே ஐயா. எங்க தோட்டத்தில கூடைய இறக்கி வச்சிட்டு நிப்போம், முடக்கில மறையிற மட்டும்." அந்த ஹங்கேரிச் சமவெளியில் ஒரு வளைவுகூட இல்லை. அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

நாளையிலிருந்து அவர்களை உள்ளே விடக்கூடாது என்று தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். மாணிக்கம் ரீலைச் சுற்றிக்கொண்டே பேசினார். "செத்தவங்களுக்கு மரியாதை பண்றாங்க. மறைச்சா நீங்களும் எந்திரிச்சு நில்லுங்க, நல்லாத் தெரியுமுங்க. அவங்க வரலீன்னா நாளைக்கு மெஷின் ஓடாதுங்க." தலைவருக்கு முகம் சுண்டிவிட்டது. மெஷின் ஓட்ட வேறு ஆள் கிடையாது. வாரம் முழுக்கப் பாய் விரித்தபடியே இருந்தது.

அவருடைய பாடை மலைப்பாதையில் இறங்கியபோது, மேலே தேயிலைச் சரிவில் பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். முத்தம்மாளும் நின்றார். வளைவில் நாங்கள் மறைந்ததும் கூடைகளை மாட்டிக்கொண்டிருப்பார்கள் போல. அடுத்த வளைவில் வெளிப்பட்டு நிமிர்ந்து பார்த்தால், மறுபடி அவசரமாக இறக்கி வைக்கிறார்கள். நம் பாதையில் எத்தனை வளைவு என்று உங்களுக்கே தெரியும். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அங்கே உடைந்துவிட்டது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். போன வாரம் கோயம்புத்தூர் தியேட்டரில் ஒரு படம், அதில் பாடை போனது. எழுந்து நின்றேன். பின்னால் இருந்தவர் உட்காரச் சொல்லிக் கத்தினார். "மறைச்சா நீங்களும் எந்திரிங்க" என்றேன். திட்டிக்கொண்டேதான் எழுந்தார். யாருக்காக நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.