தர்ப்பை போடாத தண்ணீர்

பத்மஜாவை யாராவது "சாதுப் பொண்ணு" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்ரீவராகத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் அப்படிச் சொல்லிச் சொல்லியே தலையில் மிளகாய் அரைத்தார்கள். சோபா எந்தப் பக்கம், திரைச்சீலை என்ன நிறம், எல்லாம் மாமியார் வாலாம்பாளின் தீர்மானம். கணவன் வினய்க்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய உத்தியோகம், வீட்டில் அம்மாவுக்குத் தலையாட்டும் உத்தியோகம். ஆபீசில் பத்மஜாவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒரு நாள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "அந்தாத்துல எனக்குன்னு ஒண்ணாவது இருக்கணும்டி. மீன்தொட்டி வைக்கப்போறேன்" என்றாள்.

சாலை பஜாருக்குப் பக்கத்தில் இருந்த வளர்ப்புமீன் கடைக்கு நானும் போனேன். கடைக்காரர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தைக் காட்டி, "இது மதி மோளே, ரெண்டு கோல்டுபிஷ் இடாம்" என்றார் மலையாளத்தில், அதுவே போதும் என்று. "அதுல அதுக்கு மூச்சு முட்டும் சேட்டா" என்று சொல்லிவிட்டு நீளத் தொட்டி, பில்டர், கூழாங்கல், செடி எல்லாம் வாங்கினாள். மீன் மட்டும் வாங்கவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்து, இவளுக்கு ஏதாவது கோளாறா என்பதுபோலச் சிரித்தார்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை வாளியில் ஒரு நாள் வைத்திருந்துதான் தொட்டியில் ஊற்றினாள். பிறகு ஒரு மாதம் மீனே இல்லாமல் பில்டரை ஓடவிட்டாள். மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காக்கும் நல்ல கிருமிகள் அந்தக் கல்லிலும் பில்டரிலும் குடியேற அவ்வளவு நாள் ஆகுமாம். "மீனெல்லாம் லீவுல போயிருக்கா?" என்று வினய் தினமும் கேலி செய்வான். கடைசியில் நீலமும் சிவப்பும் மின்னும் சின்ன நியான் டெட்ராக்கள் ஒரு கூட்டமாக வந்து சேர்ந்தன. அன்று ஆபீசில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் கிரகணம் வந்தது. கிரகணம் பிடிக்கும் முன்னால் ஊறுகாய், தயிர், குடிதண்ணீர் எல்லாவற்றிலும் ஒரு தர்ப்பைப்புல் போட்டுவிடுவார்கள். போட்டால் தீட்டு இல்லை. போடாத தண்ணீரை, கிரகணம் விட்டதும் கொட்டிக் கழுவிவிட வேண்டும். அந்த வீட்டில் இதெல்லாம் கறாராக நடக்கும்.

அன்று சாயங்காலம் கிரகணம் விட்டபிறகு, மீன்களைப் பார்க்க ஆபீசிலிருந்து நானும் அவளோடு போனேன். ஈரத்தலையோடு வாலாம்பாள் வாசலுக்கு வந்தாள். "வாம்மா. க்ரஹணம் விட்டு எல்லாரும் குளிச்சாச்சு. பத்மஜா, உன் தொட்டியையும் வினய் அலம்பி வெச்சுட்டான், கேட்டயா" என்றாள், ஏதோ உபகாரம் செய்தவள் மாதிரி.

தொட்டி பளபளவென்று இருந்தது. கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தான். பில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவியிருந்தான். விளிம்புவரை அப்போதுதான் பிடித்த குழாய்த் தண்ணீர். பாதி மீன்கள் வெளுத்து மிதந்தன, மீதி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பத்மஜா பின்கட்டுக்கு ஓடினாள். அவள் பிடித்து வைத்திருந்த வாளித் தண்ணீரையும் கொட்டியிருந்தார்கள். எங்கள் கண்ணெதிரிலேயே மீதியும் செத்தன.

அவள் சமையலறைக்குப் போய் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேலே தர்ப்பை இருந்தது.

"இதுக்குப் போட்டேள். மொட்டைமாடி டேங்குக்கு?"

"போட்டேன்" என்றான் வினய்.

"ஏணி வெச்சு ஏறிப் போட்டேள். ஹால்ல இருக்கற என் தொட்டிக்கு ஒரு தர்ப்பை போடத் தோணலையா?"

"தோணலை. சாரமில்லே பத்மஜா, இப்பவே வேற வாங்கிண்டு வரேன்."

பரவாயில்லையாம்! ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது எனக்கு. அதற்குள் ஸ்கூட்டரில் பறந்துவிட்டான். "மீன் செத்ததுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று வாலாம்பாள் முணுமுணுத்தாள். பத்மஜா செத்த மீன்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தாள்.

வினய் திரும்பி வந்து, புது மீன்கள் நீந்தும் பிளாஸ்டிக் பையைச் சிரித்துக்கொண்டே நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"இந்தத் தண்ணில விட்டா இதுவும் சாகும். ஒரு மாசம் உங்க கண்ணு முன்னாடிதானே பில்டரை ஓடவிட்டேன்? எதுக்குன்னு ஒரு நாள் கேட்டேளா? கேலிதான் பண்ணினேள்." அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கோ. இனிமே என்னோடதை என்னைக் கேக்காம யாரும் தொடப்படாது. சரின்னு சொல்லுங்கோ."

பையைப் பிடித்தபடி வினய் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அங்க என்ன பார்வை?" என்றாள் பத்மஜா. "நான் உங்களைத்தான் கேட்டேன்."