உட்காராமல் நின்றவர்

கூலிப் போராட்டம் நடந்த சமயத்தில், ஒரு நோயாளியை நடிக்கிறவர் என்று சொன்னேன். அப்போது நான் தஞ்சாவூரில் டாக்டர்.

அவர் பண்ணையாள், ஒல்லியான, உயரமான மனிதர். வலது இடுப்பில் கையை ஊன்றியபடியே நிற்பார். அவரைக் கூட்டிவந்த மிராசுதார் என் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "கூலி கேட்டு கொடி பிடிச்ச பய டாக்டர். இப்ப இடுப்பு வலின்னு நடிக்கிறான்" என்றார். பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தும் அந்த மனிதர் உட்காரவில்லை. மிராசுதார் முன்னால் பண்ணையாள் உட்காருவதில்லை என்பதால் எனக்கு அது உறைக்கவேயில்லை. உண்மையில் அவர் நின்றது உட்கார முடியாத வலியால். எக்ஸ்ரேகூட எடுக்காமல் "ஒன்றுமில்லை" என்றேன். அந்த ஒரு சொல்லால் அவருக்கு வேலை போனது. என்ன திமிர் எனக்கு!

சில மாதம் கழித்து நொண்டியபடி வந்தார். எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பில் ஓர் ஓட்டை தெரிந்தது. அங்கிருந்து துணுக்கு எடுத்துச் சோதித்ததில் பிளாஸ்மா செல் கட்டி, ஒருவகைப் புற்றுநோய், என்று வந்தது. மற்ற எலும்புகளிலும் மஜ்ஜையிலும் எதுவும் இல்லை. ஒற்றைக் கட்டி என்பதால் கதிர்வீச்சில் குணமாக வாய்ப்பிருந்தது. நானே சென்னைக்கு அழைத்துப்போனேன். வலி அடங்கியது.

மன்னிப்புக் கேட்டேன்.

"என்கிட்ட எதுக்குங்க? பொய்க்காரன்னு ஊரே சிரிச்சுது. அங்க வந்து சொல்லுங்க."

மிராசுதார் வீட்டு வாசலிலேயே நின்று, இவர் நடிக்கவில்லை, தவறு என்னுடையது என்று ஊரார் காதுபடச் சொன்னேன். வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

கட்டி மறுபடி வரலாம், வருஷாவருஷம் வந்து காட்டுங்கள் என்று சொல்லியிருந்தேன். தவறாமல் வந்தார், பக்கத்து அறை டாக்டரிடம் காட்டிவிட்டுப் போனார்.