ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் மூணு

நான் கண்ணால் கண்டதைச் சொல்லப்போவதில்லை. ஆறு வயதிலேயே எனக்குப் பார்வை போய்விட்டது. கையால் தொட்டதையும் காதால் கேட்டதையும்தான் சொல்கிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு நான் யாருடைய கழுத்தையும் சும்மா தொடுவதில்லை. "தோளோட சரி" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஏன் என்று கேட்பவர்களிடம் கட்டைவிரலில் வலி என்று பொய் சொல்வேன். இங்கே மட்டும்தான் உண்மையைச் சொல்கிறேன்.

என் பெயர் நொபுயே. யமகதா மலைப்பக்கத்தில், வெந்நீர் ஊற்றுகளை நம்பிப் பிழைக்கும் ஒரு சிற்றூர் எங்களுடையது. விடுதி விடுதியாகப் போய், தங்க வந்தவர்களுக்கு உடம்பு பிடித்துவிடுவது என் தொழில். ஊர்ப் பெயரும் விடுதிப் பெயரும் வேண்டாம். சம்பந்தப்பட்ட குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

1998, பிப்ரவரி 11, புதன்கிழமை. மதியத்திலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆற்றோரமாக இருந்த ஒரு பழைய மர விடுதியில் இரண்டு பேருக்குப் பிடித்துவிட்டு நான் எழுந்தபோது மாலை ஐந்தேகால். என் கைக்கடிகாரம் பொத்தானை அழுத்தினால் மணி சொல்லும். அதனால் நேரம் எல்லாம் எனக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறது. கடைசி பஸ் வராது என்று செய்தி வந்தது. விடுதிக்காரி யொனேகோ அம்மா என் கைத்தடியைப் பிடுங்கி மூலையில் வைத்தாள். அறுபது வயது, வாய் கொஞ்சம் நீளம்.

"இந்தப் பனியில எங்கடி போவே? நீ விழுந்து கைய உடைச்சிக்கிட்டா இந்த ஊர்ல பாதிப் பேரு முதுகு வலியிலயே செத்துருவான். கீழ சின்ன அறை காலியாத்தான் கெடக்கு. படு."

சோறும் மிசோ சூப்பும் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுப் பாயில் காலை நீட்டினேன். அறையில் இருந்த உள்ஃபோன் அடித்தது. மணி 6:10.

"மசாஜ் பண்றவங்கதானே?" ஒரு பெண்ணின் குரல். இளம் குரல். தொண்டை கட்டியது போல இருந்தது. "மாடியில செவ்வந்தி அறை. கடைசி அறை. கொஞ்சம் வர்றீங்களா அக்கா?"

அந்த விடுதியில் அறைகளுக்கெல்லாம் பூக்களின் பெயர்தான். மாடிக்குப் பதினாலு படி. கடைசி அறைக்கு அங்கிருந்து இருபத்திரண்டு எட்டு. இருட்டோ வெளிச்சமோ, எனக்கு வித்தியாசம் இல்லை. போனேன். தள்ளுகதவு ஏற்கனவே திறந்திருந்தது.

உள்ளே போனதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. ஹீட்டர் ஓடும் சத்தம் இல்லை. தங்க வந்தவர்களின் அறையில் தேநீர் வாசனை இருக்கும், இங்கே இல்லை. மிதித்த இடமெல்லாம் பாய் ஈரமாக இருந்தது.

"குளிச்சிட்டு அப்படியே வந்துட்டீங்களா? சளி பிடிக்கும்மா."

"எனக்கு வெந்நீரே கெடைக்கல அக்கா."

குப்புறப் படுத்திருந்தாள். பருத்தி அங்கி நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தோளில் கை வைத்தேன். கடைத்தெருவில் பனிக்கட்டி மேல் கிடக்கும் மீனைத் தொட்டிருக்கிறீர்களா? அப்படி இருந்தது. எவ்வளவு தேய்த்தும் சூடு ஏறவில்லை. என் கைதான் மரத்துப்போனது.

"கழுத்து," என்றாள். "கழுத்துலதான் வலி."

தலைமுடியை ஒதுக்கிவிட்டுக் கழுத்தைப் பிடித்தேன். இடது பக்கம் நாலு குழி. வரிசையாக. விரல் பதிந்த குழி. பிசைந்த மாவில் விரலை அழுத்தி எடுத்தது போல, சதை மேலே எழும்பி வராமல் அப்படியே பள்ளமாக இருந்தது. வலது பக்கம் தொட்டேன். அங்கே மூணுதான். இரண்டு குழி, நடுவில் ஒரு வெற்றிடம், பிறகு ஒரு சின்னக் குழி.

எதிரே நின்று கழுத்தை நெரித்தவனுக்கு இடது கையில் மோதிர விரல் இல்லை. இது என் கைக்குப் புரிந்தது. மனசுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

"யாரும்மா இப்படிப் பண்ணது?"



அவள் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்கக் குனிந்தேன். கேட்கவில்லை. முதுகு ஏறி இறங்கவும் இல்லை.

"நல்லா தொட்டுப் பாத்துக்கிட்டீங்களா?" என்றது குரல். படுத்திருந்த தலையிலிருந்து அது வரவில்லை. என் பின்னாலிருந்து வந்தது. "உங்க கை எதையும் மறக்காதுன்னு சொல்வாங்களே… மறந்துடாதீங்க அக்கா."

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. படிகளை எண்ணவில்லை. யொனேகோ அம்மா மேல் போய் மோதினேன்.

"செவ்வந்தி அறையில… அந்தப் பொண்ணு…"

அவள் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். 

"அங்க யாரும் இல்ல," என்றாள். "பதினோரு வருஷமா அந்த அறையில ஆள் போடறதில்ல. பழைய மெத்தைதான் அடுக்கி வெச்சிருக்கு. ஃபோன்கூட கெடையாது." பிறகு, "கையக் காட்டு."

என் விரல்களிலிருந்து எதையோ மெல்லச் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். ஈரமான, நீளமான தலைமுடி. என் முடி காதோடு சரி.

"போய்க் கழுவு. இதப் பத்தி வாயத் தொறக்காத." அவள் குரல் நடுங்கியது. கண்டிப்பான அந்த மனுஷியின் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை.

8:20க்கு அவளே திரும்பி வந்தாள். மாடியில் முதல் அறையில் நாகுமோ என்று ஒருவர் மனைவியோடு தங்கியிருக்கிறார், மசாஜ் கேட்கிறார் என்றாள். முடியாது என்றேன். "எனக்காகப் போயிட்டு வா, நொபுயே. அவருக்கு இல்லைன்னு சொல்ல முடியாது." கெஞ்சினாள். போனேன்.

அந்த அறை கதகதப்பாக இருந்தது. சாகே மது வாசனை. அவர் மனைவி மிவா கலகலப்பான பெண். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"பாத்துப் பிடிங்கக்கா. எங்க வீட்டுக்காரர் உடம்பு கல்லு. உங்க விரல் ஒடஞ்சா நாங்க பொறுப்பில்ல."

"சும்மா இரு," என்றார் அவர், சிரித்துக்கொண்டே. இனிமையான குரல். "பத்து மணிக்கு ஆத்தோர வெந்நீர்த் தொட்டிக்குக் குளிக்கப் போகணும், ஞாபகம் இருக்கில்ல? அந்த நேரத்துல ஒருத்தரும் வரமாட்டாங்க. நீயும் நானும்தான்."

"இந்தப் பனியிலயா? வெறச்சே போயிருவேன்."

"அங்க வந்து பாரு. இறங்கினா ஏறவே மனசு வராது."

தோளை முடித்துக் கைக்கு வந்தேன். வலது கை, ஐந்து விரல். இடது கையை எடுத்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்… அடுத்து ஒரு மொட்டைக் கணு.

"மர அறுவை மில்லுல போச்சு," என்றார். "சின்ன வயசுல."

என் கை அதை விட மறுத்தது. அளந்துகொண்டே இருந்தது. விரல்களின் பருமன், இடைவெளி, சுண்டுவிரலின் வளைவு. சந்தேகமே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் நான் தொட்ட குழிகளுக்குள் இந்த விரல்கள் அச்சாகப் பொருந்தும்.

"கழுத்தையும் பிடிச்சு விடுங்க," என்றார்.

கழுத்தில் கை வைத்தேன்.

"ம்… இன்னும் அழுத்தி."

நான் அழுத்தவில்லை.

"போதும்… போதும்னேன்…"

நான் அழுத்தவில்லை. சத்தியமாக.

என் கைக்கும் அவர் கழுத்துக்கும் நடுவில் இன்னொரு ஜோடிக் கை இருந்தது.

சில்லிட்ட கை. ஈரமான கை.

உதறிக்கொண்டு பின்னால் விழுந்தேன். அவர் இருமினார். "ஐயோ, மூஞ்செல்லாம் செவந்து போச்சே," என்று மிவா சிரித்தாள். அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்திருக்க வேண்டும். "நல்ல பலம் உங்களுக்கு," என்றார்.

வழியனுப்ப மிவா வெளியே வந்தாள். அவள் கையை இறுகப் பிடித்தேன். என்ன சொல்வது? உன் புருஷன் கொலைகாரன், ஒரு பிணம் சொன்னது என்றா? போலீஸுக்கு ஃபோன் செய்தாலும் சிரிப்பார்கள். குருட்டுப் பெண் உளறுகிறாள் என்பார்கள்.

"உங்க கால் ரொம்ப வீங்கியிருக்கு," என்று பொய் சொன்னேன். "பத்து மணிக்கு முன்னாடி கீழ என் அறைக்கு வாங்க. பிடிச்சு விடறேன்."

"அவர் காத்திட்டிருப்பாரே."

"ஆம்பளைங்க கொஞ்சம் காத்திருக்கட்டுமே. அப்பத்தான் அருமை தெரியும்."

அதைக் கேட்டுச் சிரித்தாள். 9:40க்கு வந்துவிட்டாள். மெதுவாக, ரொம்ப மெதுவாகப் பாதத்தை நீவிவிட்டேன். இடுப்பு, முதுகு, தோள். எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் போட்டேன். பத்து மணிக்கு மிவா லேசாகக் குறட்டை விட ஆரம்பித்தாள். கதவுக்கு முட்டுக்கொடுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

என் ஜன்னலுக்கு வெளியே, ஆற்றுக்கு இறங்கும் கல்படிகள்.

10:04. கட்டைச் செருப்புச் சத்தம். டக்… டக்… டக்… ஓர் ஆள் கீழே போனார்.

10:12. இன்னொரு சத்தம்.

செருப்பு இல்லை. வெறுங்கால். ஈரக் கால்.

சத்… சத்… சத்…

மாடியிலிருந்து வந்தது. என் கதவருகே நின்றது.

நான் மிவாவின் வாய் மேல் கை வைத்துக்கொண்டேன்.

பிறகு அது நகர்ந்தது. கல்படி. கீழே. இன்னும் கீழே.

ஆற்றோரத்திலிருந்து அவர் குரல் கேட்டது. "வந்துட்டியா? ஏன் இவ்ளோ நேரம்?"

தண்ணீரில் யாரோ இறங்கும் சத்தம்.

"ஏய்… உன் கை ஏன் இப்படிச் சில்லுனு…"

அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆற்றுச் சத்தம் மட்டும்.

காலை 5:40க்கு யொனேகோ அம்மா அவரைக் கண்டாள். தொட்டியில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அதில் மூழ்கிக் கிடந்தார். குடித்துவிட்டு, குளிரிலிருந்து வெந்நீரில் இறங்கியதால் இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதினார். மலையில் ஒவ்வொரு குளிர்காலமும் நடப்பதுதான், யாரும் எதுவும் கேட்கவில்லை. மிவாவை அவளுடைய அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போனார்.

ஆனால் அவரைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டவள் யொனேகோ அம்மா. அன்றே என்னிடம் சொன்னாள்.

"கழுத்துல தடம் இருந்துச்சு, நொபுயே. டாக்டர் வர்றதுக்குள்ள மறஞ்சு போச்சு. ஒரு பக்கம் நாலு. இன்னொரு பக்கம்…"

"மூணு," என்றேன்.



மீதியை ஏப்ரல் மாதம், பனி கரைந்த பிறகு, தானாக என் வீட்டுக்கு வந்து சொன்னாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் நாகுமோ தன் முதல் மனைவியோடு அந்த விடுதிக்கு வந்திருக்கிறார். அவள் பெயர் சிகுசா. வயது இருபத்தாறு. தங்கியது செவ்வந்தி அறையில். இரவு தனியாக நடக்கப் போனாள், வழுக்கி ஆற்றில் விழுந்துவிட்டாள் என்று அவர் சொன்னார். இரண்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. கழுத்தில் இருந்த காயம் பாறையில் அடிபட்டது என்று முடிவானது. அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று போலீஸ் கேட்டதற்கு, தன்னோடு உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார் என்று யொனேகோ அம்மாதான் சாட்சி சொன்னாள்.

"ஏம்மா?"

"விடுதியில கொலைன்னு ஆனா அப்புறம் எவன் வருவான்? மூணு தலைமுறையா நடத்துற எடம்." தேநீரை ஒரு வாய் உறிஞ்சினாள். "ஒரு தடவ காப்பாத்துனேன். மறுபடியும் காப்பாத்துவேன்னு நெனச்சுத்தான் அந்தப் புதுப் பொண்ணையும் இங்கயே கூட்டிட்டு வந்தான். வாசல்ல அவளப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சிருச்சு. அப்பவும் வாயத் தொறக்கல."

"சிகுசா கத்தலையா?"

 தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கத்துனா. என் பேரச் சொல்லித்தான். 'யொனேகோ அம்மா, யொனேகோ அம்மா'ன்னு மூணு தடவ. மத்தவங்களுக்குக் கேட்கக் கூடாதுன்னு நான் எந்திரிச்சுப் போயி… ஜன்னலச் சாத்துனேன்."

அந்த வருடம் நவம்பரில் முதல் பனி விழுந்தது. மறுநாள் காலையில் யொனேகோ அம்மாவை அவள் அறையில் கண்டெடுத்தார்கள். குளிரில் விறைத்து இறந்திருந்தாள். ஆற்றைப் பார்த்த ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. அறைக்குள் முழங்கால் உயரத்துக்குப் பனி. அவள் இரண்டு கையாலும் ஜன்னல் சட்டத்தைப் பிடித்திருந்தாள். விரல் நகங்கள் பிய்ந்திருந்தன. ராத்திரி முழுக்க அதைச் சாத்தப் போராடியிருக்கிறாள் என்று போலீஸ்காரர் சொன்னார். மரம் ஊறி இறுகியிருக்கும், வயதானவளுக்குப் பலம் போதவில்லை என்றார்.

இறுதிச் சடங்கு அன்று நான் அந்த அறைக்குப் போனேன். ஜன்னலைத் தடவிக் கண்டுபிடித்தேன். சுண்டுவிரலால் லேசாகத் தள்ளினேன்.

சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.