அண்ணியின் காரும் என் இடது காலும்

அதிகம் ஓடாத ஒரு ஜெர்மன் காரின் பிரேக்கை முழுசாகத் தின்று தீர்த்தது யார்? என் இடது காலா, என் மாமனாரின் ரப்பர் குழாயா? ஆறு மாதமாக யோசிக்கிறேன். இந்த யோசனையில் பாதியைக் கல்லூரியில் செலவழித்திருந்தால் மெடல் வாங்கியிருப்பேன். பதில் மட்டும் வரவில்லை.

கார் எங்களுடையது இல்லை. என் கணவரின் அக்காவுடையது. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணம் ஆகி பிரான்சுக்குப் போனவர், வருடத்தில் ஒரு மாதம், ஜூலையில், ஊருக்கு வருவார். அந்த ஒரு மாதம் வாடகைக் காரில் போனால் அவருடைய முதுகு ஒத்துக்கொள்ளாது. அதனால் ஒரு காரை வாங்கி, முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் நிறுத்திவிட்டுப் போனார். அதற்காக கேட்டை இடித்து அகலப்படுத்தினோம். நாங்கள் படுக்கிற அறையில் ஏசி கிடையாது. காரில் முன்னால் உட்காருபவருக்குத் தனி, பின்னால் உட்காருபவருக்குத் தனி. குழந்தைக்கு வேர்க்குரு வந்த மே மாதத்தில், மதியம் அவளைக் காருக்குள் போட்டுத் தூங்கவைத்தால் என்ன என்று யோசித்தேன். பிறகு அது ஆபத்தா என்று இணையத்தில் தேடி, படித்ததில் எனக்கே தூக்கம் போய்விட்டது.

"வண்டி சும்மா நின்னா பேட்டரி செத்துடும். நீ ஓட்டு," என்று அண்ணி சாவியை என்னிடம்தான் கொடுத்தார். வேறு வழியில்லை. கணவர் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார், பைக் மட்டும்தான் தெரியும். மாமனார் மில் மூடுகிறவரை நெசவுப் பிரிவில் இருந்தவர், சைக்கிளைத் தாண்டி எதையும் நம்பியதில்லை. மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் லைசென்ஸ் இருந்த ஒரே ஜீவன் நான்.

அந்தச் சாவி எனக்கு என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா வீடு தவளக்குப்பத்தில். கடலூர் ரோட்டில் நேராகப் போனால் அரை மணி நேரம். கார் வருவதற்கு முன் அங்கே போக, ஒன்று கணவரின் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் டயப்பர் பை, வாயில் டிக்கெட் என்று பஸ்ஸில் தொங்க வேண்டும். கார் வந்த பிறகு எந்தச் செவ்வாய்க்கிழமையும் போகலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். "பேட்டரி செத்துடும்" என்றால் போதும். ஒரு வருடமாக அந்தப் பேட்டரியை வாரத்துக்கு மூன்று தடவை சாவிலிருந்து காப்பாற்றினேன்.

நான் வேகமாக ஓட்டுகிறவள் இல்லை. பின் சீட்டில் இரண்டரை வயதுக் குழந்தை, முன்னால் எந்தச் சந்திலிருந்தும் எந்த ஸ்கூட்டரும் வரலாம். மரப்பாலத்தில் மாடு படுத்திருக்கும். நைனார்மண்டபத்தில் பஸ் பாதி ரோட்டில் நின்று ஆள் ஏற்றும். நான் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பயந்துவிடுவேன்.

வீட்டுக்கு வந்து கேட்டுக்குள் நுழைந்ததும் மாமனார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழாயோடு தயாராக நிற்பார். முதலில் சக்கரம். அதில் தண்ணீர் பட்டதும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஆவி கிளம்பும்.

"பாத்தியாம்மா, எவ்ளோ சூடு எறங்குது!" என்பார். வெயிலில் போய் வந்த பிள்ளைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுகிற திருப்தி அவர் முகத்தில் இருக்கும். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. சூடு என்றால் தணிக்க வேண்டும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? குழந்தை கைதட்டுவாள்.

போன கார்த்திகையில் ஒரு நாள், பிரேக் அழுத்தினால் பெடல் காலுக்கடியில் கடகடவென்று ஆடியது. கூடவே ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு வரி. அண்ணி தன் வசதிக்காக அந்தத் திரையை பிரெஞ்சில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மாற்றினால் ஏதாவது கெட்டுவிடும் என்று நான் தொட்டதில்லை. போட்டோ எடுத்து, பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டு அம்மாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"பிளாக்கெத் து ஃப்ரேன்... ஃப்ரேன்னா பிரேக்கும்மா. தேஞ்சிப் போச்சாம். எத்தினி நாளா இது எரியுது?"

"நேத்துலேர்ந்து."

"இத்த வெச்சிகினா கொழந்தையோட போன? மோந்தியே, கடவுளே! பொம்பளப் புள்ளைய அழவெக்கறதுக்குன்னே ஜெர்மன்காரன் வண்டி செய்யறான்."

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதத் தேவையில்லை. எனக்குக் குழந்தை ஒரு தடவை தும்மினாலே இறங்காது.

மறுநாள் மாமனாரும் நானும் காரை மேட்டுப்பாளையத்தில் வெளிநாட்டு வண்டிகள் பார்க்கிற ஒரு பட்டறைக்கு நத்தை வேகத்தில் கொண்டுபோனோம். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி உள்ளே இருந்த இரும்புத் தட்டைக் காட்டினார். அதற்குப் பெயர் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துவது பேட். பேட் பிஸ்கட் கனம் இருக்க வேண்டுமாம். எங்களுடையது அப்பள கனத்தில் இருந்தது. டிஸ்க் முழுக்க நீலம் நீலமாகத் திட்டு.

"இவ்ளோ கம்மியா ஓடுன வண்டிக்கு இப்படி ஆவக்கூடாது. யாரு ஓட்டறது?"

"நான்தான்."

"பிரேக்குல கால வெச்சிகினே ஓட்டுவீங்களா மேடம்?"

"இல்லையே," என்றேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

"சரி. ஓட்டிட்டு வந்த கையோட தண்ணி அடிப்பீங்களா?"

பதில் தெரிந்த மாணவன்போல மாமனார் ஓரடி முன்னால் வந்தார். "ஒரு நாள் தவறமாட்டேன் தம்பி. உள்ள வந்ததும் மொதல்ல சக்கரம். புஸ்ஸுனு ஆவி வரும். சூடு எறங்குனப்பறம்தான் மத்ததெல்லாம்."

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார். "ஐயா, அதான்."

"எது?"

"காய்ஞ்ச இரும்புல பச்சத்தண்ணி ஊத்துனா நெளியுமா நெளியாதா?"

"சூடு தணியட்டும்னுதான்..."

"அது என்ன மாடா ஐயா, குளிப்பாட்டறதுக்கு?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமனாரும் சேர்ந்து சிரித்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில், "முப்பது வருஷம் தறி இரும்போடதான் இருந்தேன். இது தோணலையே எனக்கு," என்று ஒரு தடவை சொன்னார்.

அன்று சாயங்காலம் அவரே அண்ணிக்கு வீடியோ கால் போட்டார். "எல்லாம் என்னாலதாம்மா. தண்ணிய ஊத்தி ஊத்திக் கெடுத்துட்டேன். அது மேல ஒண்ணும் தப்பில்ல," என்று என்னைக் காட்டினார்.

"உங்கள யாருப்பா தொடச் சொன்னது? அவ ஒழுங்கா ஓட்டறா, நீங்க கெடுக்கறீங்க. இனிமே வண்டிகிட்டப் போவாதீங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ இருக்கறதாலதான் தப்பிச்சுது. என் வீட்டுக்காரர் சொந்தத்துல ஒருத்தர் வாரம் ரெண்டு நாள் வந்து ஓட்டறேன்னு சாவி கேக்கறாரு. நான்தான் வேணாம்னுட்டேன். உன்கிட்டயே இருக்கட்டும்."

நான் அடக்கமாகத் தலையாட்டினேன்.

புது டிஸ்க், புது பேட் போட்டு வந்தது. அடுத்த வாரம் தவளக்குப்பம் போகும்போது அரியாங்குப்பம் பாலத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. பின்னால் ஒரு மொபெட். அதில் மீன் நிறைந்த அலுமினிய அன்னக்கூடை ஒன்று கட்டியிருந்தது. அதை ஓட்டி வந்த அம்மா முன்னால் வந்து என் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏம்மே, நீ நிக்கப்போறியா, போவப்போறியா?"

"ஏங்க்கா?"

"உன் வண்டி பின்னால செவப்பு லைட்டு அணையவே மாட்டேங்குதே! முருங்கப்பாக்கத்துலேர்ந்து உன் பின்னாலயே வரேன். இப்ப நிப்பா, இப்ப நிப்பான்னு நானும் பிரேக்கு புடிச்சிப் புடிச்சி வரேன். கைதான் வலிக்குது. மீனே திரும்பிப் படுத்துடுச்சி."

குனிந்து பார்த்தேன். வலது கால் ஆக்ஸிலரேட்டரில். இடது கால் பிரேக்கின்மேல், மெத்தையில் வைத்ததுபோல சுகமாக உட்கார்ந்திருந்தது.

நான் கற்றுக்கொண்டது மூன்று பெடல் வண்டியில். இடது காலுக்கு கிளட்ச் என்று ஒரு உத்தியோகம் இருந்தது. அண்ணியின் காரில் கிளட்ச் கிடையாது, எல்லாவற்றையும் வலது காலே பார்த்துக்கொள்ள வேண்டும். ஷோரூமிலிருந்து வந்தவர் முதல் நாளே, "லெஃப்ட் கால மறந்துடுங்க மேடம்," என்றார். நானும் தலையாட்டினேன். நான் எதற்குத்தான் தலையாட்டவில்லை? வேலை போன கால், பக்கத்தில் கிடைத்த பெடலில் தானாகப் போய்ச் சேர்ந்துகொண்டது. ஒரு வருடமாக வண்டியை ஓட்டிக்கொண்டே நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். மரப்பாலம் முதல் தவளக்குப்பம்வரை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று ஞாயிறு காலை கணவரிடம் பைக்கில் என் பின்னாலேயே வந்து வீடியோ எடுக்கச் சொன்னேன். வீட்டிலிருந்து ரயில்வே கேட்வரை. விளக்கு ஓர் இடத்தில்கூட அணையவில்லை. வீடியோ முழுக்க அவர் சிரிக்கிற சத்தம்.

"எப்பவும் கார்த்திகை தீபம்தான்," என்றார்.

"சிரிக்காதீங்க. மாமா மேல பழி போட்டாச்சு."

"நீயா போட்ட? அவரே எடுத்துக்கினாரு. உடு. சொன்னன்னு வெச்சிக்க, சாவி அன்னிக்கே போயிடும். அப்புறம் உங்கம்மா வூட்டுக்கு என் பைக்குதான். ஞாயித்துக்கெழம மட்டும்."

அவர் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. கணக்கு சரியாகவே இருந்தது. அதுதான் பிரச்சினை.

ஒரு காலத்தில் குழந்தையின் மலத்தின் நிறத்தைப் பற்றி இரவு பகலாக இணையத்தில் தேடியவள், இப்போது பிரேக் தூளின் நிறத்தைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். படித்ததில் ஒன்றை மூன்று தடவை திரும்பப் படித்தேன். சாதாரணமாக ஊருக்குள் ஓட்டி வந்தால் டிஸ்க் தண்ணீர் பட்டதும் ஆவி அடிக்கிற அளவுக்குச் சூடாகாதாம். அப்படியானால் மாமனார் ஒவ்வொரு தடவையும் அக்கறையாகத் தணித்த சூடு நான் மூட்டியது. கால் மட்டும் இருந்தால் பேட் தேய்ந்திருக்கும், டிஸ்க் பிழைத்திருக்கலாம். குழாய் மட்டும் இருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காதோ என்னவோ. அல்லது நான் சும்மா என்மேலேயே இழுத்துப் போட்டுக்கொள்கிறேனா? அதுவும் எனக்குப் பழக்கம்தான்.

பட்டறைக்கு போன் செய்து, "என் ஃப்ரெண்டு ஒருத்திக்கு ஒரு டவுட்டு," என்று ஆரம்பித்தேன்.

மெக்கானிக் பொறுமையாகக் கேட்டார். "உங்க ஃப்ரெண்டு ரெண்டு கால்ல ஓட்டறாங்க. அவங்க மாமனாரு தண்ணி அடிக்கறாரு. அதானே மேடம்?"

"ஆமாம்."

"அது எது எவ்ளோன்னு பிரிச்சிச் சொல்ல முடியாது. பழைய டிஸ்க்கும் எடைக்குப் போயிடுச்சி. உங்க ஃப்ரெண்ட லெஃப்ட் கால மடக்கி வெச்சிக்கச் சொல்லுங்க."

மடக்கிப் பார்த்தேன், மரத்துப்போனது. இடது செருப்பை மட்டும் கழற்றி வைத்தேன், வெறுங்காலாகப் போய் உட்கார்ந்தது. குழந்தையின் பீப்பீ வாத்தை இடது காலுக்கடியில் வைத்தேன், கால் நகர்ந்தால் கத்தும் என்று. கத்தியது. குழந்தை பின்னாலிருந்து வாத்தைக் கேட்டு அதைவிடக் கத்தினாள். இப்போது பரவாயில்லை. பத்துக்கு எட்டுத் தடவை கால் சொன்ன இடத்தில் இருக்கிறது. ஏதாவது ஸ்கூட்டர் குறுக்கே வந்தால் மட்டும், நான் கூப்பிடாமலே உதவிக்கு வந்துவிடுகிறது.

ஆனால் வீட்டுக்குள் நுழைகிற நேரம்தான் எனக்குப் பிடிப்பதில்லை. மாமனார் இப்போதும் கேட்டைத் திறந்துவிடுகிறார். குழாயைக் கையில் எடுக்கிறார், செம்பருத்திக்குத் தண்ணீர் விடுகிறார், காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கொஞ்ச நேரம் கழித்து வந்து, சக்கரத்தைத் தொடாமல், அதன் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார், பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"ஆறிடுச்சாம்மா?" என்று கேட்கிறார்.

"ஆறிடுச்சு மாமா."

"எதுக்கும் நாளைக்குத் தொடச்சிக்கலாம். நமக்கு எதுக்கு வம்பு?"

தெருவில் யாராவது காரைப் பற்றிக் கேட்டால் அவரே சிரித்துக்கொண்டு, "என்னைய மாடு மேய்க்கக்கூட நம்பமாட்டேங்கறாங்க," என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் டயப்பர் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.

அண்ணி அடுத்த மாதம் வருகிறார். மாமனார் இல்லாத நேரம் பார்த்து மூன்று தடவை அண்ணிக்கு மெசேஜ் டைப் செய்து அழித்துவிட்டேன். படிப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். 'உண்மையைச் சொல்' என்று மட்டும் எழுதாதீர்கள், அது எனக்கும் தெரியும். யாரிடம் முதலில் சொல்வது? அண்ணியிடம் சொன்னால், மாமாவிடம் நான் சொல்வதற்கு முன்பே அவரே மாமாவுக்கு போன் போட்டுவிடுவார். மாமாவிடம் சொன்னால், "யார்கிட்டயும் சொல்லாத, உனக்கு சாவி வேணும்," என்று பழியைத் தானே வைத்துக்கொள்வார். அப்படி அவர் சொன்னால், நான் அதற்கும் தலையாட்டிவிடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? அதையும் சேர்த்து எழுதுங்கள்.