டிவிடி மெனுவில் பெரியப்பா

அக்கா மகளின் காதுகுத்துக்கு ஒக்கூரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். அப்பா, அம்மா, பங்காளிகள், தாய்மாமனாகப் பிள்ளையை மடியில் வைத்திருந்த நான் என்று எல்லாரும் இருந்தோம். பிள்ளையைப் பெற்ற மச்சான் மட்டும் இல்லை. சவூதியில் லீவு கிடைக்கவில்லை.

வீடியோக்காரர் கொடுத்த பதிவு மூன்று மணி நேரம் ஓடியது. மச்சான் தங்கியிருந்த அறையிலோ ஆறு பேருக்கு ஒரே டிவி, ஒரு பழைய டிவிடி பிளேயர். வேகமாக ஓட்டினால் அது நின்றுவிடுமாம். அவர் முறைக்குக் கிடைப்பது அரை மணி நேரம். பந்தல் கட்டுவதும் கிடா உரிப்பதும் ஓடி முடிவதற்குள் அடுத்த ஆள் ரிமோட்டை வாங்கிவிடுவார். அக்காவுக்கு அதுதான் கவலை.

"புள்ள காதுல தோடு ஏறுறதையாச்சும் அவுக பாக்கணும்டா. காலேசு படிக்கிறேல்ல, ஏதாச்சும் செய்யி."

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. டிவிடியைப் போட்டதும் வருகிற மாதிரி ஒரு மெனு செய்தேன். மச்சான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பதால் வெறும் படங்கள்: மொட்டை, காதுகுத்து, விருந்து. எந்தப் படத்தில் ஓகே அழுத்துகிறோமோ அந்த இடம் ஓடும்.

காதுகுத்து முடிந்தும் ஊருக்குப் போகாமல் எங்களோடு தங்கியிருந்த பெரியப்பா கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்தார். "நான் எங்குட்டுடா இருக்கேன்?"

"இது பேரு போடுற பத்திரிகை இல்ல பெரியப்பா, பட்டன்."

"பத்திரிகையோ பட்டனோ, மொதல்ல கண்ணுல படுறது இதுதானே? வீட்டுக்கு மூத்தவனக் காணோமேன்னு மருமகன் நெனைக்க மாட்டாரா?"

அப்பா எனக்குக் கண் காட்டினார். பத்திரிகையில் சாமி படம் இருக்கும் இடத்தில், உச்சியில், பெரியப்பாவை வைத்து டிவிடியில் பதிந்தேன். டிவியில் போட்டால் மீசைக்கு மேலே ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரில் முழுசாகத் தெரிவதை டிவி ஓரத்தில் நறுக்கிவிடும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"கிடாய வெட்டச் சொன்னா என்னைய வெட்டிருக்கான்!" என்றார் பெரியப்பா. அக்கா சிரித்துக்கொண்டே அடுப்படிக்கு ஓடினாள்.

இரண்டாவது டிவிடியில் அவரை நடுவில் இறக்கினேன். ரிமோட்டை வாங்கித் தன் படத்தில் ஓகே அழுத்தினார். படம் அசையவில்லை.

"என்னைய அமுக்குனா ஒண்ணும் ஓடலையே?"

"நீங்க சும்மா அழகுக்கு இருக்கீக பெரியப்பா."

"அறுபது வயசுல எனக்கு அழகு எதுக்கு? வேலையக் குடு."

வேறு வழியில்லாமல் அவரைக் காதுகுத்துக்கே இணைத்தேன். மெனு வந்ததும், எந்தப் படத்தில் இருக்கிறோம் என்று காட்டும் கட்டம் முதலில் அவர்மேல்தான் நிற்கும்.

பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் லீவு முடிந்து சவூதிக்குத் திரும்பும்போது அம்மாவின் முறுக்கோடு டிவிடியையும் கொண்டுபோனார். அந்த வெள்ளிக்கிழமையே மச்சான் பேசினார். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டோம்.

"போட்டதும் பெரியமாமா வந்து நின்னாக. மத்தது எதையும் பாக்கல, அவுகமேலயே அமுக்கிட்டேன். நேரா புள்ள! வீல்னு கத்துனா பாரு, ரூமே எந்திரிச்சு உக்காந்துருச்சு. அரை மணி நேரமும் அதையேதான் போட்டுப் போட்டுப் பாத்தோம். ரிமோட்ட யாரும் கேக்கல."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பெரியப்பா மீசையைத் தடவினார்.

பெரியப்பாவுக்காக வீணான இரண்டு டிவிடி, போய்ச் சேர்ந்த ஒன்று, அதற்கொரு கவர். எல்லாம் சேர்த்து எழுபது ரூபாய்.