அக்காவின் இடது காது

என் அக்கா பட்டாளத்து நர்ஸ் ஆகப்போகிறாள் என்பது எங்கள் தெருவுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே எனக்குத் தெரியும். பிளஸ் டூ படிப்பது, பரீட்சை எழுதி ராணுவத்தின் நர்ஸிங் கல்லூரியில் சேர்வது, படித்து முடித்ததும் தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டு ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை, பட்டாளத்தை விட்டு வந்தபின் மேலே படித்து நர்ஸ்களுக்கே பாடம் சொல்லித்தருவது என்று எனக்குத் தலை வாரிவிடும்போதெல்லாம் ஒப்பிப்பாள். அம்மாவுக்கு வேலூரில் ஆபரேஷன் நடந்தபோது கூட இருந்து கவனித்த நர்ஸம்மா சொல்லிக்கொடுத்த வழி அது. சாப்பாடு, உடுப்பு, படிப்பு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். எங்களைப் போன்ற வீட்டுக்கு வேறு வழியும் இல்லை. எனக்கு அப்போது ஏழெட்டு வயது. இவள் போய்விட்டால் யார் தலை வாரிவிடுவார்கள் என்பதுதான் என் கவலை.

அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. ஊறிய தோலை நாளெல்லாம் இழுத்துப் புரட்டுகிறவர், முன்பின் தெரியாதவர்களின் புண்ணைத் துடைப்பது கேவலம் என்றார். ஆலங்காயத்தில் மளிகைக் கடை வைத்திருந்த எங்கள் தாய்மாமனுக்கு அக்காவைக் கொடுப்பதாகப் பேச்சு. அவள் பத்தாவது முடித்த கோடையில் மாமா வீட்டார் பூவும் பழமுமாக வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் எதிரிலேயே அக்கா சொன்னாள்.

“எனக்குக் கல்யாணம் வேணாம்பா. கல்யாணம் ஆயிட்டா மில்ட்ரில சேத்துக்க மாட்டாங்க. நான் படிக்கணும்.”

அப்பா எழுந்து ஓங்கி ஓர் அறை விட்டார். அக்கா சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். வந்தவர்கள் பூவை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வாழைப்பழத்தை நான் தின்றேன். கொஞ்ச நாள் அக்காவின் இடது காதிலிருந்து ரத்தமும் நீருமாகக் கசிந்தது. அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றிப் பஞ்சு வைத்தாள். கசிவு நின்றது. அதோடு வீட்டில் அந்தப் பேச்சும் நின்றது.

மாமாவுக்கு வேறு இடத்தில் பெண் அமைந்தது. அக்கா பிளஸ் டூவில் சேர்ந்தாள். அப்பா தடுக்கவில்லை, பேசவும் இல்லை. அவர் மனசை மாற்றியவர் எதிர்வீட்டில் இருந்த, பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார்.

“இன்னாண்ணே நீ? அந்த நர்ஸம்மாங்க எல்லாம் ஆபீசருங்க. நாளைக்கு உம்பொண்ணு எதிர்ல வந்தா நானே சல்யூட் அடிக்கணும், தெரியுமா?”

அந்தச் சல்யூட்டில் அப்பா விழுந்துவிட்டார். மகளுக்கு மீசை வைத்தவர்கள் சல்யூட் அடிப்பதைக் குழிக்குள் நின்றபடியே கற்பனை செய்திருக்க வேண்டும். மேஸ்திரியிடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார். அக்கா படிக்க உட்கார்ந்தால் ரேடியோவை அணைத்தார்.

பரீட்சையில் தேறினாள். நேர்முகத்துக்கும் உடல் பரிசோதனைக்கும் மெட்ராஸுக்கு வரச் சொன்னார்கள். அடம்பிடித்து நானும் போனேன். அப்பா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

நேர்முகம் நன்றாக முடிந்தது. பிறகு நீண்ட வராந்தாவில் பெண்களை ஒவ்வொருவராகப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். மற்றவர்களைவிட அக்காவுக்கு நேரமாயிற்று. அவள் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“இன்னாம்மா சொன்னாங்க?” என்றார் அப்பா.

“எடது காதுல ஜவ்வு கிழிஞ்சி கீதாம்பா. மில்ட்ரிக்கு ஆவாதாம்.”

“அது எப்டி கிழியும்?”

“அவங்களும் அதான் கேட்டாங்க. சின்ன வயசுல கெணத்துல குதிச்சேன், அப்ப ஆயிருக்கும்னு சொன்னேன்.”

“உனக்குதான் நீச்சலே தெரியாதே!” என்றேன் நான்.

அக்கா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். அப்பா அவள் காதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறுவென்று அந்த அறைக்குப் போனார். வாசலில் இருந்த சிப்பாய் மறிக்க, சத்தம் கேட்டு டாக்டரே வெளியே வந்தார். அப்பா இரண்டு கைகளையும் கூப்பினார்.

“ஐயா, நாந்தான் அடிச்சேன். தப்பு எம்மேல. பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல. எனக்கு இன்னா தண்டன வேணாலும் குடுங்க, அவள மட்டும் சேத்துக்கங்கய்யா.”

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. இவர் என்ன சொல்கிறார் என்பதுபோல அக்காவைப் பார்த்தார். அக்கா ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ சொன்னாள். டாக்டர் சிரித்து, அப்பாவின் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். ‘அப்பா உங்களுக்கு நன்றி சொல்கிறார்’ என்று சொன்னதாக வெகுகாலம் கழித்து அக்கா என்னிடம் சொன்னாள். அன்று உள்ளே நின்றபோது அழாதவள், கூப்பிய கை கூப்பியபடியே நின்ற அப்பாவைத் திருப்பி அழைத்துக்கொண்டு வரும்போதுதான் அழுதாள்.

அதற்குப் பிறகு அவள் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. ஊரில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்து ஊசி போடவும் கட்டுக் கட்டவும் கற்றுக்கொண்டாள். எல்லோரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நர்ஸ் இல்லை என்று ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தாள், அப்புறம் விட்டுவிட்டாள். அப்பா அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுந்து வலது பக்கமாகப் போய் நின்று சொல்வார்.

அன்று திரும்பி வந்த ரயிலில் அக்கா மேல் எனக்கு அவ்வளவு கோபம். அடித்தது அப்பா என்று முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் அவளைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள், கிணறு, குதித்தேன் என்று பொய் சொல்லி அவளே எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டாள் என்று நம்பினேன். ஆம்பூர் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த என்னை அக்காதான் சமாதானப்படுத்திக்கொண்டு வந்தாள்.